லுடிங்டன்: வண்டி வீடும் தண்ணீரும் அம்மாவும்

ஜூலை 18, வியாழன்: கேன்டனிலிருந்து லுடிங்டன்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கேன்டனிலிருந்து ஏரிக்கரை ஊரான லுடிங்டனுக்குப் போக ஒரு ஆர்.வி.யை, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வண்டி வீட்டை, வாடகைக்கு எடுத்திருந்தோம். காலை பத்து மணிக்குத் தருகிறோம் என்று சொன்ன வண்டி கைக்கு வந்தபோது மணி ஒன்றே கால். ஃப்ரிட்ஜ் குளிரவில்லையாம். முந்தி எடுத்துப் போனவர் எதையோ அழுத்திவிட்டார் என்று வாடகைக் கடைப் பையன் ஒருவன் வண்டிக்குள் உட்கார்ந்து கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தான். வழியில் சாப்பிட அம்மா கட்டிய புளியோதரையைக் கடை வாசலிலேயே கார் நிழலில் உட்கார்ந்து காலி செய்தோம். வழி அப்போது இன்னும் தொடங்கவே இல்லை.

வண்டி 28 அடி நீளம். மிச்சிகனில் இதை ஓட்டத் தனி உரிமம் எதுவும் வேண்டாம், கார் ஓட்டுகிறவர் யாரும் ஓட்டலாம் என்று கடைக்காரர் தைரியம் சொன்னார். எனக்கு அதைக் கேட்டுத்தான் பயமே வந்தது. என் கணவரும் பெரியவனும் ஆர்.வி.யில், நானும் அம்மாவும் சின்னவளும் பின்னால் எங்கள் காரில். கார் எதற்கு என்றால், ஆர்.வி.யைக் கொண்டுபோய் நிறுத்தித் தண்ணீர், மின்சாரம், சாக்கடைக் குழாய் எல்லாம் மாட்டியபிறகு பால் வாங்கக்கூட அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டையே கழற்றிக்கொண்டு கடைக்குப் போகிற கதைதான்.

ஐ-96 முழுக்க லாரிகள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் முன்னால் போகும் ஆர்.வி. ஒரு ஆட்டம் ஆடும். "மாப்பிள்ளைக்கு போன் போட்டு மெல்லமா போகச் சொல்லு ஏட்டி" என்று அம்மா லான்சிங் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவரிடம் நேராகச் சொல்ல மாட்டாள், எல்லாம் என் வழியாகத்தான். கேலனுக்கு ஒன்பது மைல்தான் கொடுத்தது. பெட்ரோல் விற்கிற விலையில் போகும் வழிக்கு மட்டுமே நூறு டாலர் பக்கம்.

மஸ்கீகன் தாண்டி யூ.எஸ். 31இல் வடக்கே திரும்பியதும் போக்குவரத்து குறைந்தது. சாலையோரப் பலகைகளில் செர்ரி, ப்ளூபெர்ரி. ஒரு இடத்தில் ஆளே இல்லாத கடை, மேசையில் பழக்கூடை, பணம் போட ஒரு டப்பா. அம்மா இறங்கி அந்த டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து டாலர் போட்டு ஒரு பெட்டி செர்ரி எடுத்தோம், நாங்கள் வண்டியை நிறுத்தித் தங்கப்போகிற கேம்ப்கிரவுண்ட் வருவதற்குள் கொட்டை மட்டும்தான் மிச்சம்.

உள்ளே போய்ச் சேர ஏழாகிவிட்டது. எங்கள் இடம் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே. பின்பக்கமாக நுழைத்து நிறுத்த வேண்டும். கணவர் வியர்த்துப்போய் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்க, பக்கத்து டிரெய்லரிலிருந்து வெள்ளைத்தாடி வைத்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் இப்படி அப்படி என்று காட்டினார். வண்டி நேராக உள்ளே போய் நின்றது. இண்டியானாக்காரர். மே முதல் அக்டோபர் வரை டிரெய்லரை இங்கேயே போட்டுவிடுவாராம், பல வருஷமாக. இப்படி சீசன் முழுக்க இருப்பவர்களை இங்கே சீசனல் என்கிறார்கள், அவர்கள் வாசலில் பூந்தொட்டியும் தபால்பெட்டியும்கூட இருக்கிறது. அம்மா அன்றைக்கே அவருக்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்துவிட்டாள்.

வாடகைக் கடை கொடுத்த தண்ணீர் ஹோஸ் இணைப்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அண்ணாச்சி தன் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் வாஷரை எடுத்துப் போட்டார், நின்றுவிட்டது. குழாயில் அழுத்தம் அதிகம், நடுவில் ரெகுலேட்டர் மாட்டாவிட்டால் வண்டிக்குள் பைப் வெடிக்கும் என்று ஒன்றை இரவலும் கொடுத்தார். அதுவும் கடைக்காரர்கள் தந்திருக்க வேண்டியதுதான்.

ராத்திரி ரவா உப்புமாவுக்கு அம்மா இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, மைக்ரோவேவில் சின்னவளுக்குப் பால். டப் என்று எல்லாம் அணைந்தது. 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான் கிடைக்கும், மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? சரி, இனி உப்புமா என்றால் ஏ.சி. கிடையாது என்று முடிவானது. ஒன்பதரை மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. கிழக்கு நேரத்தைப் பின்பற்றும் பகுதியின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஊர் இது, அதனால் ஜூலையில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வராது. "எப்பட்டி விளக்கேத்துறது?" என்று அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 19, வெள்ளி: நீச்சல்குளமும் ஸ்டெர்ன்ஸ் பார்க்கும்

கேம்ப்கிரவுண்ட் நீச்சல்குளம் பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதே முக்காலுக்கே வாசலில் குழந்தைகள் வரிசை, ஒவ்வொன்றின் கையிலும் ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை. பட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பட்டையைச் சரிபார்க்கிற பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். உயிர்காப்பாளர் இல்லை, உங்கள் பொறுப்பில் நீந்துங்கள் என்று எட்டடிக்குப் பலகை. உள்ளே போனால் விதிகள் இன்னும் நீளம்: ஓடக்கூடாது, தலைகீழாகக் குதிக்கக்கூடாது, கண்ணாடிப் பாட்டில் கூடாது, குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், நீச்சலுடை மட்டும்தான், பருத்தி டி-ஷர்ட் ஆகாது. மணிக்கு ஒருமுறை விசில் ஊதினால் குழந்தைகள் எல்லாம் வெளியே வரவேண்டும், பத்து நிமிஷம் பெரியவர்களுக்கு மட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் பெரியவர்கள் யாரும் நீந்தவில்லை, நடுக்குளத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நாற்பது குழந்தைகள் காலைத் தொங்கப்போட்டு அவர்களை முறைத்துக்கொண்டிருந்தன.

அம்மா சுடிதாரில் வந்து கரையில் உட்கார்ந்திருந்தாள். கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள், ஆறு வயதில் நீச்சல் பழகியவள். "இறங்குறியாம்மா, கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன். தண்ணீரை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாரும் நின்னுட்டே கெடக்காவ. இதுல எங்கன நீந்த? ப்ளீச்சிங் பவுடர் வாடை வேற." சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்ததும் டப்பாவை அப்படியே நீட்டினாள். அதிலிருந்து அந்த மேசையில் எங்களுக்குத் தனி மரியாதை. அவர் பையன் தண்ணீர் பீச்சும் துப்பாக்கியை சின்னவளுக்குக் கொடுத்துவிட்டு அன்று முழுக்கத் திரும்பக் கேட்கவே இல்லை. இங்கே ஒன்று கவனித்தேன், யார் குழந்தை என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு சின்னப் பையன் ஆழப் பக்கம் நகர்ந்தபோது மூன்று பெரியவர்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள், அவன் அப்பாவும் அதில் ஒருவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்குத் தூரத்தில் ஒரு இடி. விசில். எல்லோரும் வெளியே. கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிஷம் ஆனால்தான் மறுபடி திறப்பார்கள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் இன்னொரு இடி. மறுபடி முதலிலிருந்து 30. பெரியவன் வானத்தைப் பார்த்துத் திட்டியதை நான் காதில் வாங்காதது மாதிரி இருந்துவிட்டேன். மழை வந்து போய், வெறுத்துப்போய், சாயங்காலம் ஊருக்குள் ஸ்டெர்ன்ஸ் பார்க் கடற்கரைக்குப் போனோம். கடற்கரை என்று எழுதிவிட்டேன், திருத்தவில்லை, ஏனென்றால் அங்கே போய் நின்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மிச்சிகன் ஏரி 307 மைல் நீளம், அகலமான இடத்தில் 118 மைல். எதிர்க்கரை விஸ்கான்சின், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை மணல், அலை, கடற்காகம், தூரத்தில் அலைதடுப்புச் சுவரின் முனையில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். அம்மா முதல் காரியமாகக் குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். "உப்பே இல்லட்டி!" திருச்செந்தூர்க் கடலைப் பார்த்தவளுக்கு இந்த அலையும் உப்பில்லாத வாயும் ஒன்று சேரவில்லை.

அன்றைக்குக் கரையில் மஞ்சள் கொடி, கவனமாக இறங்கு என்று அர்த்தம். தென்மேற்குக் காற்று, அலை இடுப்பு வரை. தண்ணீர் 71 டிகிரி ஃபாரன்ஹீட், நம் செல்சியஸ் கணக்கில் 22. கடல் அலை என்றால் ஒன்று அடித்து அடுத்தது வருவதற்குள் மூச்சு விடலாம். இங்கே இடைவெளி குறைவு, முதல் அலையில் விழுந்து எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடும். பெரியவனை அது இரண்டு புரட்டு புரட்டியது. மூக்கில் தண்ணீர் ஏறினாலும் எரியவில்லை என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அலைதடுப்புச் சுவர் ஓரமாக மட்டும் யாரையும் விடாதீர்கள், சுவரை ஒட்டி உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு என்று துண்டு விரித்துப் படுத்திருந்த ஒருவர் எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவே இல்லை.

ஏழு மணிக்கு எஸ்.எஸ். பேட்ஜர் வந்தது. விஸ்கான்சினில் மானிடொவாக்கிலிருந்து 60 மைல் ஏரியைக் கடந்து நான்கு மணி நேரத்தில் வரும் கப்பல், 1952இல் தண்ணீரில் இறக்கியது, இன்னும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. 410 அடி நீளம், உள்ளே கார்கள். கரையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து கையாட்டினார்கள், தினமும் வருகிற கப்பலுக்கு! கப்பலில் இருந்தவர்களும் ஆட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம்.

பிறகு ஐஸ்கிரீம். ப்ளூ மூன் என்று நீல நிறத்தில் ஒன்று, இந்தப் பக்கத்து மாநிலங்களில்தான் கிடைக்கும். என்ன சுவை என்று கடைப் பெண்ணிடம் கேட்டால் "ப்ளூ மூன் சுவை" என்கிறாள். பாதாம் என்றேன் நான், தட்டில் மிஞ்சிய தானியப் பால் என்றான் பெரியவன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு "சோப்பு" என்றாள்.

ஜூலை 20, சனி: சேபிள் ஆறு, ஹாம்லின் ஏரி, ஆடி மாதக் கிறிஸ்மஸ்

இந்தப் பயணத்தில் நல்ல நாள் என்றால் இதுதான்.

லுடிங்டன் மாநிலப் பூங்கா ஊரிலிருந்து எட்டு மைல். எங்கள் கார் நம்பர் பிளேட் ஸ்டிக்கரில் 'பி' எழுத்து இருந்ததால் நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போதே அதற்குச் சேர்த்துக் கட்டியிருந்தோம். பூங்கா ஒரு விசித்திரமான இடம். ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, இன்னொரு பக்கம் ஹாம்லின் ஏரி, இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு மைல் நீளத்துக்கு பிக் சேபிள் ஆறு. ஹாம்லின் ஏரி முதலில் மரம் அறுக்கும் ஆலைக்காக ஆற்றை அணை கட்டித் தேக்கியது. 1888இல் அந்த அணை உடைந்து கீழே இருந்த ஹாம்லின் ஊரையே அடித்துக்கொண்டு போனது. ஊர் போய்விட்டது, பேர் மட்டும் ஏரிக்கு மிஞ்சியது.

அணைக்குக் கீழே டியூபில் உட்கார்ந்தால் ஆறு கொண்டுபோய் மிச்சிகன் ஏரியில் விடும். காசு கிடையாது. டியூப் மட்டும் நம்முடையது, ஊரில் கடையில் ஒன்று 18 டாலருக்கு வாங்கியிருந்தோம், காற்றடிக்க அரை மணி நேரம். தண்ணீர் வெதுவெதுப்பு, ஏரியின் மேல்மட்டத்தில் வெயிலில் காய்ந்த தண்ணீர்தானே வழிந்து வருகிறது. பெரும்பாலும் இடுப்பளவு, சில இடத்தில் டியூப் அடிமண்ணில் தட்டும், அங்கே எழுந்து நடக்க வேண்டும். முன்னால் போன ஒரு குடும்பம் பத்து டியூப்களைக் கயிற்றால் கட்டி, நடு டியூபில் நாயையும் ஐஸ்பெட்டியையும் வைத்திருந்தது. நாய்க்கு லைஃப் ஜாக்கெட். வளைவில் சின்னவளின் டியூப் ஒரு விழுந்த மரத்தில் சிக்கியபோது அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன் இறங்கி விடுவித்து, ஒரு தள்ளு தள்ளிவிட்டு, நன்றிகூடக் காத்திராமல் தன் டியூபைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

முகத்துவாரத்தில்தான் ஆச்சரியம். ஆற்றின் வெந்நீர் போய் ஏரித் தண்ணீரில் சேரும் இடத்தில் ஒரு கால் சூட்டிலும் ஒரு கால் குளிரிலும் நிற்கலாம். நேற்றைக்கு இத்தனை குளிர் இல்லையே என்று கணவர் சொன்னார். காற்று ராத்திரியே வடக்குக்குத் திரும்பியிருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டியூபைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றோரப் பாதையில் திரும்ப நடந்தோம், மறுபடி மிதந்தோம். பெரியவன் எத்தனை முறை போனான் என்று கணக்கில்லை.

மதியம் ஹாம்லின் ஏரிக்கரை. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர். ஏரி சுமார் 5,000 ஏக்கர், கரையோரம் ஆழம் குறைவு, அலையே இல்லை. கணவர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா எழுந்தாள். "மாப்பிள்ளை வர எவ்ளோ நேரம் ஆகும்?" கால் மணி ஆகும் என்றேன். துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டினாள், கூந்தலை முடிந்தாள், தண்ணீரை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். மிதவைக் கயிறு வரை நீந்திப்போய் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அறுபத்துநாலு வயது. முப்பது வருஷமாக அவள் நீந்தி நான் பார்த்ததில்லை. அதுவும் இங்கே எல்லோரும் நீந்துவது போலத் தலையை உள்ளே விட்டு எடுத்து அல்ல. தலை நிமிர்ந்தே இருக்க, பேசிக்கொண்டே நீந்துகிற எங்கள் ஊர் ஆற்று நீச்சல்.

கரையில் பெஞ்சில் இருந்த இரண்டு பாட்டிகள் கை தட்டினார்கள். அம்மா வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டாள்.

கணவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குழந்தைகளைத் திருப்பிக்கொண்டு மறுபடி கடைப் பக்கம் நடந்தார். இதற்காகவே அவருக்கு ராத்திரி இரண்டாவது முட்டை தோசை கிடைத்தது.

அந்தப் பாட்டிகளில் ஒருவர் வந்து, வெளியே வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், தானாகக் காயவிடாதீர்கள், இல்லையென்றால் அரிக்கும் என்று சொன்னார். வாத்திலும் நத்தையிலும் வாழும் ஒரு ஒட்டுண்ணி, ஆள் தெரியாமல் மனிதத் தோலில் நுழைந்து செத்துப்போய்த் தடிப்பு வருமாம். சின்னவளைத் துடைத்துவிட்டேன். பெரியவன் துண்டோடு நான் வருவதைப் பார்த்ததும் ஓடிவிட்டான்.

திரும்பி வந்தால் கேம்ப்கிரவுண்ட் முழுக்கக் கிறிஸ்மஸ். ஜூலையில்! கோடைக் கேம்ப்கிரவுண்டுகளில் இப்படி ஒரு வார இறுதியை ஒதுக்குவது வழக்கமாம். டிரெய்லர்களில் வண்ண விளக்கு, காற்றடைத்த பனி மனிதன், அரைக்கால் சட்டை போட்ட சாண்டா கோல்ஃப் வண்டியில் வந்து குழந்தைகள் மேல் தண்ணீர் பீச்சினார். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. ஆடி மாசத்தில் கிறிஸ்மஸா என்றாள். ஆனால் அண்ணாச்சி வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தைப் பார்த்ததும், பாளையங்கோட்டையில் டிசம்பரில் வீட்டுக்கு வீடு தொங்குமே அதே நட்சத்திரம் என்று அடையாளம் கண்டுகொண்டாள். அவருடைய மனைவி சீமைச் சுரைக்காய் போட்ட ரொட்டி கொண்டுவந்தார். இங்கிருந்து முறுக்கு போனது. அண்ணாச்சி அதை பீரோடு சாப்பிட்டுவிட்டு, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

நெருப்புக்கு விறகுக் கட்டு எட்டு டாலர், அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். வெளியூர் விறகு கொண்டுவரக்கூடாது, ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு அதில் பயணம் செய்யும். அந்த வண்டை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்தது 2002இல், டெட்ராய்ட் பக்கம். அதாவது எங்கள் வீட்டுப் பக்கம். அலுவலகத்தில் எந்த ஊர் என்று கேட்டபோது கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு: சிவப்புக் கொடி

காலையில் பெரியவன் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், ஒரே அரிப்பு. பாட்டி சொன்னது அப்படியே நடந்தது. தொற்றாது, சில நாளில் தானே போகும் என்று அண்ணாச்சி மனைவி சொன்னார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். அவனிடமிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வர, அந்த வாசனைக்கு ஒரு நாய் அவன் பின்னாலேயே சுற்றியது.

அலுவலகப் பலகையில் மிச்சிகன் ஏரித் தண்ணீர் 54 என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை 71. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை. வடக்குக் காற்று கரையோரமாகத் தொடர்ந்து அடித்தால் மேலே இருக்கிற, வெயிலில் சூடான தண்ணீர் நடு ஏரிக்கு ஒதுங்கிவிடுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவருகிறது. அதிக ஆழம் 923 அடி இருக்கிற ஏரி, அடியில் குளிருக்கா பஞ்சம். வெயில் 80 டிகிரி, மணல் சுடுகிறது, தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வலிக்கிறது. பூங்காவில் சிவப்புக் கொடி, நீந்துவது ஆபத்து என்று அர்த்தம். அங்கே உயிர்காப்பாளர்கள் கிடையாது, கொடியும் பலகையும்தான். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, இழுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார், பிறகு கரைக்கு இணையாக நீந்தி வெளியே வா என்று படம் போட்டிருந்தது. பெரியவனை நிறுத்தி வைத்து இரண்டு முறை படிக்க வைத்தேன். அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, ஆற்றுச் சுழலுக்கும் இதே வழிதான் என்றாள்.

நீந்த முடியாததால் பிக் சேபிள் கலங்கரை விளக்கத்துக்கு நடந்தோம். ஒரு வழி இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, முழுக்க மணல்காட்டு வழி, நிழல் பேருக்குத்தான். 1867இல் கட்டியது, 112 அடி, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. அம்மாவும் நானும் கீழே நிழலில் உட்கார்ந்துவிட்டோம், மற்றவர்கள் ஏறினார்கள். கணுக்காலைக் கடிக்கும் ஈக்கள் வேறு. சாக்ஸ் போட்டால் சாக்ஸ் மேலேயே கடிக்கிறது.

மத்தியானம் போக்கிடம் இல்லாமல் கேம்ப்கிரவுண்ட் குளத்துக்கே வந்தோம். வார இறுதிக் கூட்டம் காலையிலேயே கிளம்பிவிட்டதால் குளத்தில் ஏழெட்டுப் பேர்தான். பட்டை சரிபார்க்கும் பெண் அம்மாவைக் காட்டி, பாட்டி இன்றும் இறங்கவில்லையா என்று கேட்டாள். அதற்குள் செய்தி அவள்வரை போயிருக்கிறது.

ஜூலை 22, திங்கள்: திரும்பல்

கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வேலையைப் பற்றி விரிவாக எழுதமாட்டேன். கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டி முதலில், சோப்புத் தண்ணீர்த் தொட்டி பிறகு, அப்போதுதான் இரண்டாவது வந்து குழாயைக் கழுவிவிடும், இந்த வரிசையை மட்டும் மறக்கக்கூடாது. அண்ணாச்சி கையுறை கொடுத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தார். ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை, வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும் என்றார். அடுத்த தடவை என்றதும் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கேன்டனில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் காட்டி கறுப்புத் தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருப்பதாகக் காட்டியது. சுத்தம் செய்ய 75 டாலர் என்றார்கள். தொட்டிச் சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் உணரி இப்படித்தான் பொய் சொல்லும், இது ஆர்.வி. வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று அண்ணாச்சி காலையிலேயே எச்சரித்து, காலி செய்வதை வீடியோ எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். எடுத்து வைத்திருந்தோம். அந்த வீடியோவைக் கவுண்டரில் நின்று முழுசாகப் பார்த்த பையனைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். அந்த 75 டாலரை அவர்கள் பிறகு கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஃப்ரிட்ஜுக்காகக் காத்திருந்த மூன்றே கால் மணி நேரத்துக்கு ஏதாவது கழித்துத் தருவீர்களா, ஒழுகின ஹோஸுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு மேனேஜர் வரவேண்டும் என்றார்கள். மேனேஜர் எங்கே என்றால் விடுமுறையாம், குடும்பத்தோடு ஆர்.வி. எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போயிருக்கிறாராம். புதன்கிழமை வருவார். பேசிவிட்டு எழுதுகிறேன்.